சாவு வீட்டுத் தண்ணி

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற கண்ணுகளா, பின்வரிசையில் இருப்பவர்கள் போனைச் சற்றுக் கீழே வையுங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் குடிநீர்ப் பிரிவில் ஓவர்சியராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவளை மறுபடி இழுத்து வந்து, "உங்க அனுபவத்தைப் புள்ளைகளுக்குச் சொல்லுங்கம்மா" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது அவர்கள் தப்பு. ஆபீசில் இருந்த நாளிலேயே என் வாயை அடைக்க யாராலும் முடிந்ததில்லை.

குழாயின் விட்டம், மோட்டாரின் குதிரைத்திறன், குளோரின் அளவு இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அதில் தலையிடப் போவதில்லை. ஒரு சின்ன ஊரில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஆற்றிலிருந்து கோடு கிளம்பும், தொட்டிக்குப் போகும், தெருத்தெருவாகப் பிரியும். பார்க்க அழகாக இருக்கும். ஊருக்குள் போய், "இங்கே தண்ணிக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் யாரைக் கேட்கிறீர்களோ அவரைத் தவிர மற்ற எல்லாரும் பொறுப்பாக இருப்பார்கள்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகப் போகிற மெயின் லைனில் கசிவு. எங்களோடு வேலை பார்த்த ஒருவர், துடியான ஆள், சேர்ந்த வாரமே ஆள் வைத்துத் தோண்டி அதை அடைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு ஆபீசுக்கு வந்து நின்றார்கள். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மனுஷன் எழுந்து கும்பிட்டார். "எங்க பைப்பை எதுக்குங்க சார் அடைச்சீங்க?" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் ஃபேன் நின்றுவிடும்போல் இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருவது நிச்சயமில்லையாம், அந்தக் கசிவில் மட்டும் தப்பாமல் வருமாம். ஆடு, மாடு, மனிதர் எல்லாருக்கும் அதுதான் குழாய். விசாரிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு கதை.

முதலிபாளையத்துக்கு அந்தாண்டை ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இனி எனக்கு மோர்கூடக் கிடைக்காது. ஊரின் கடைசியில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு முன்னால் ஒரு குழாய். குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. துவைக்கவும் குளிக்கவும் வீட்டுக்காரரின் போர்வெல்லிலிருந்து உப்புத் தண்ணீர் வரும். ஆற்றுத் தண்ணீர், அதாவது ஊர் "நல்ல தண்ணி" என்று சொல்வது, அந்தத் தெருவுக்குள் எட்டிப் பார்க்காது. கோயில் முக்கில் ஒரு வால்வு இருந்தது. அதைத் திறந்தால் வரும். திறப்பார் இல்லை.

அந்த லைன் வீட்டில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். பிழைக்க வந்து செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். புருஷன் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். மகள் கனிக்கு ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை பல்லடத்தில் இருக்கிற தெற்கத்திக் குடும்பம். பையனுக்கும் பெண்ணுக்கும் கம்பெனி இங்கேதான் பக்கம், அதனால் கல்யாணமானதும் அதே லைனில் பக்கத்து அறையில் குடித்தனம் வைப்பது என்று பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நல்ல தண்ணி வராத தெருவுல எம் மவன குடி வைக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம வாரேன். மொதல்ல பைப்பத் திறந்து பாப்பேன், அப்பொறம்தான் பொண்ணப் பாப்பேன்."

பெண் பார்க்க வருகிறவர்களைத் தெரியும், பைப் பார்க்க வருகிறவர்களை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு முன் வந்த ஒரு வரன் வீட்டார் இதே குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, காற்று வந்ததும் எழுந்து போனவர்கள்தான்.

இசக்கியம்மாள் தண்ணீரைத் தேடிக் கிளம்பினாள். வீட்டுக்காரர், "நான் ரூமுக்குத்தான் வாடகை வாங்கறனுங்க, தண்ணிக்கு ஊராட்சியப் பாருங்க" என்றார். ஊராட்சி ஆபீசில், "அந்தத் தெரு எங்க எல்லையில இல்லீங்க, பக்கத்து ஊராட்சிங்க" என்றார்கள். பக்கத்து ஊராட்சியில் உட்கார வைத்து டீ கொடுத்து, "தெரு எங்களுதுதானுங்க, ஆனா வால்வு அவிங்களுதுங்க" என்றார்கள். குடிநீர்த் திட்ட ஆபீசில், "நாங்க தொட்டி வரைக்கும்தான்" என்றார்கள். நம் கொங்குநாட்டில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இல்லை என்பதைக்கூட இத்தனை மரியாதையாகச் சொன்னால், கேட்டவள் வேலை முடிந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவாள்.

கடைசியில் ரங்கசாமி அண்ணனைப் பிடித்தாள். ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். கடப்பாரை நீளத்துக்கு இருக்கும் வால்வுச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு மொபெட்டில் போவார். "எனக்கொண்ணும் இல்லீங்க. ஊர்ல ஒத்துக்கோணுமுங்க. ஊரு சொல்லாம நானாத் திறக்கறது சாவு ஊட்டுக்கு மட்டும்தானுங்க" என்று பதவிசாகச் சொல்லி அனுப்பினார். வழியை அவரே காட்டிக் கொடுத்தது அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "மேடம், தண்ணி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் கால்ல விழுந்துகூட வாங்கிக்கிடுதேன்" என்றாள். ரங்கசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். அதே பதில்தான் எனக்கும் வந்தது. திங்கட்கிழமை நானே ஊருக்கு வந்து பேசுகிறேன் என்றேன். "திங்கக்கெழம வரைக்கும் வரன் நிக்காது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், போன். ரங்கசாமி அண்ணன்.

"அம்மா, நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல, அந்த லைன் ஊட்டுத் தெருவுங்க. அங்க ஒரு கெட்ட காரியமாயிப் போச்சுங்க. அந்தம்மாவோட மாமனாரு ஊர்ல தவறிட்டாராமுங்க. பொழுதோட பொறப்படறாங்களாட்ட இருக்குது. தண்ணி திறந்து உட்டுட்டனுங்க."

நல்ல காரியத்துக்குத் தண்ணீர் கேட்டு அலைந்தவளுக்குக் கெட்ட காரியத்தில் வந்து சேர்ந்திருக்கிறதே என்று நொந்துகொண்டே ஒரு மாலையை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் நுழைந்தால் சாமியானா போட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் வேட்டியும் துண்டுமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்லதுக்குச் சொன்னால் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்று வளர்ந்த ஊர். வாட்ஸ்அப்பில் குத்துவிளக்குப் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போய்விட்டது. நடுநாயகமாகப் பெரிய தோட்டத்து ஐயா. அந்த ஊரில் அவர் இருமினால்தான் மற்றவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். அவர் தலையாட்டாமல் எந்த வால்வும் அசையாது. இன்னொரு பக்கம் லைன் வீட்டுக் குழாய்களில் எல்லாம் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. பீகார்ப் பையன்கள், சாவு வீடு என்பதையும் மறந்து, குடம், வாளி, குக்கர் என்று அகப்பட்டதில் எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையோடு வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து கேசரி வாசம். நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசம்கூட வந்தது. சாவு வீட்டில் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள் கண்ணுகளா. இசக்கியம்மாள் பட்டுச் சேலையில், தலைநிறையப் பூவோடு, கரண்டியும் கையுமாக வெளியே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டி கீழே விழுந்தது.

உள்ளே இழுத்துக்கொண்டு போய், "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறே?" என்றேன்.

"தண்ணி மட்டும்தான் வரும்னு நெனச்சேன் மேடம், ஊரே வரும்னு நெனைக்கல."

"உங்க மாமனாரு நெசமாவே..."

"நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. முன்கூட்டியே கேக்காம மாப்பிள்ள பாத்துட்டேன்னு கோவம். பேத்தியப் பொண்ணு பாக்க வரவே மாட்டேன்னு போன வச்சிட்டாரு. வரமாட்டேன்னு சொன்ன ஆளத்தான் மேடம் கொன்னேன்."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாசலில் ஆம்னி வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார். தட்டு, பழம், பூ சகிதமாக இறங்கியவர்கள் சாமியானாவையும் துண்டு போட்ட கூட்டத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஊர்க்காரர்களோ, துக்கத்துக்கு ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்துவிட்டார்கள் என்று மரியாதையாக எழுந்து கை குவித்தார்கள். அந்த வேனிலிருந்து கடைசியாக, வெள்ளை மீசையும் கையில் கருப்பட்டிப் பொட்டலமுமாக ஒரு பெரியவர் இறங்கினார். இசக்கியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாத்தே, மாமா!" என்றாள்.

மருமகள் மேல் கோபித்துக்கொண்டவரை மாப்பிள்ளையின் அம்மா போனில் சமாதானம் செய்து, விடிகாலை பஸ்ஸில் இறங்கியவரைத் தன் வேனிலேயே ஏற்றி வந்திருக்கிறார். தூரத்து உறவாம். இது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, ஊரில் யாரோ சொல்லிவிட்ட ஐஸ் பெட்டி வண்டியும் வந்து சேர்ந்தது. பிணம் சொந்த ஊரில் இருப்பதாக யாரும் வண்டிக்காரனுக்குச் சொல்லவில்லைபோல. அவன் இறங்கி, எதிரில் நின்ற பெரியவரிடமே போய்ப் பணிவாகக் கேட்டான்.

"ஏனுங்க பெரியவரே, பாடி எங்கீங்க?"

"யாரு பாடி வே?"

"சுடலைமுத்துன்னு ஒருத்தருங்க."

"அது நான்லா!"

அந்தத் தெருவில் பிறகு குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் வாயைத் திறந்தவர் பெரிய தோட்டத்து ஐயா. கொங்குக்காரருக்குக் கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "ஏனுங்கம்மா, ஊரையே உக்கார வெச்சு இப்புடிப் பண்ணலாமுங்களா? இல்லாத சாவைச் சொன்னா ஊருக்கு ஆகுமுங்களா?" என்றார் மெல்ல. ரங்கசாமி அண்ணன் தோளிலிருந்த சாவியை இறக்கினார். "ஐயா, மூடிப்போடட்டுங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா இதற்குள் குழாயடிக்குப் போய்விட்டார். ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்து, திரும்பி நின்று கேட்டார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. இது சாவுக்கு வந்த தண்ணியா? அப்பம் நாளைக்கி வராதா?"

உள்ளே சன்னலோரம் அந்தப் பெண் கனி நின்றிருந்தாள். இசக்கியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து, "நான் என்ன செய்ய? எத்தன வாசப்படி ஏறுனேன்? ஒருத்தராவது இந்தா நாந்தான்னு சொன்னாவளா?" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கண்ணுகளா, இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எல்லார் கண்ணும் என் மேல். நான் அரசாங்க அதிகாரி என்று அதட்டி, "வால்வை மூடாதீங்க" என்று உத்தரவு போட்டிருக்கலாம். ஐயா, "சரிங்கம்மா" என்றிருப்பார். என் ஸ்கூட்டர் மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் வால்வு மூடியிருக்கும். கெஞ்சியிருந்தால் திங்கட்கிழமை பேசலாம் என்றிருப்பார். அந்த ஊர் என் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதில்லை, வழக்கத்துக்குத்தான் கட்டுப்பட்டது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டையைப் பிடித்தால் உதறுவார்கள், வழக்கத்தைப் பிடித்தால் உதற முடியாது.

"ஐயா, எனக்கொரு சந்தேகமுங்க" என்றேன். "சாவு வீட்டுக்குத் திறந்த தண்ணியை உங்க ஊர்ல எப்பங்க மூடுவீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்ப் பெருமையாயிற்றே. "கருமாதி முடியற வரைக்கும் அந்தத் தெரு வால்வைத் தொட மாட்டமுங்க. நடுவால மூடுனா ஊருக்கு ஆகாது. எங்கய்யன் காலத்துலருந்து ஒருக்காலும் மூடுனதில்லீங்க."

"யாரு கருமாதிங்க?"

"இதென்ன கேள்விங்கம்மா? யாரு பேருல திறந்தமோ அவரோடதுதானுங்க."

"சுடலைமுத்து பேருல திறந்தீங்க. அவரு இதா நிக்கறாரு. அவருக்குக் கருமாதி முடிஞ்சுதுங்களா?"

ஐயா என்னைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். ரங்கசாமி அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ துடித்தது. பிறகு அந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள், நாற்காலியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்ததும் ஊரே சிரித்தது. "ரங்கசாமி, வால்வைத் தொடாதே. இவருக்குக் கருமாதி ஆவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

சுடலைமுத்து கருப்பட்டிப் பொட்டலத்தை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, "நான் அவசரப்பட மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா லேசில் விடுகிற ஆளா? பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, ஒமக்கு சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?" என்று விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் பெண்ணைப் பார்க்க உள்ளே போனார். சாமியானா நிச்சயதார்த்தத்துக்கு ஆயிற்று. கேசரி பற்றாமல் போய், ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டிதான் கிடைத்தது. நான் வாங்கிப் போன மாலையைச் சுடலைமுத்துவே கேட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் எழுதிய எல்லைத் தாவா இரண்டு ஊராட்சிக்கும் நடுவே இன்னும் நடந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. உங்களில் யாராவது ஒருவர் மேஜைக்கு அது வரும், பயப்படாதீர்கள். தண்ணீர் அதற்காகக் காத்திருக்கவில்லை. சுடலைமுத்துவும் கல்யாணம் முடிந்ததும் மகன் வீட்டோடு வந்துவிட்டார். தன் மதிப்பு எங்கே அதிகம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் தும்மினால் லைன் வீடே கஷாயம் வைத்தது. பீகார்ப் பையன்கள் அவரை ரோடு தாண்ட விட மாட்டார்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். மருமகளோடு சண்டை வந்தால், "இந்தா சாவுதேன் பாரு" என்று கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொள்வாராம். தெருப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்து இசக்கியம்மாளைத்தான் திட்டுவார்களாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ரங்கசாமி அண்ணன் கூப்பிட்டார். "அம்மா, இந்தவாட்டி நெசமாலுமே போயிட்டாருங்க." மதியச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டவர், போட்டபடியே போய்விட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன்!

கருமாதிக்குப் போனேன். ஊரும் வந்திருந்தது, யாரும் சொல்லாமலே. ஆனால் லைன் வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். இசக்கியம்மாள் என்னிடம் வந்து, "இன்னையோட சரி, இல்லியா மேடம்?" என்றாள். என்னிடம் இப்போது மேஜையும் இல்லை, முத்திரையும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சடங்கு முடிந்தது. ரங்கசாமி அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு ஐயாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றார். "ஐயா, கருமாதி ஆச்சுங்க."

ஐயா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பந்தல் ஓரத்தில் கனி உட்கார்ந்திருந்தாள், நிறைமாதம். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசமா இருக்கற புள்ள இருக்கற தெருவுல தண்ணிய நிறுத்தக் கூடாதுடா ரங்கசாமி. ஊருக்கு ஆகாது. அது நம்மூர் வழக்கம்."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் ரங்கசாமி அண்ணன் பக்கத்தில் போய், "ஏனுங்கண்ணா, இப்படியொரு வழக்கம் உங்க ஊர்ல எப்பலருந்துங்க?" என்று கேட்டேன்.

"எனக்கும் இப்பத்தானுங்கம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.